பெரட்டில் ஒரு காலி இடம்

கடலை முதன்முதலாகப் பார்த்தபோது, இது என்ன வேலை செய்கிறது என்றுதான் யோசித்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். மரம் என்றால் பால் தர வேண்டும். ஆறு என்றால் பாலை உறையவைக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் தர வேண்டும். இவ்வளவு தண்ணீர் ஒரு வேலையும் இல்லாமல் வருவதும் போவதுமாக இருக்கிறதே என்று எனக்கு வியப்பு தாங்கவில்லை. அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். ஜப்பான்காரன் காலம். கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சி ரூசா கடற்கரைக்கு, தோளில் ஒரு தண்டவாளத் துண்டைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருந்தேன். மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு வருவதற்கே மூச்சு வாங்கினார்கள். நான் இரும்போடு வந்தேன். அந்த உடம்பு அப்படி.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நட்டம் எனக்கில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான். இன்று என் லாரிகள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ஓடுகின்றன. காலேஜ் படித்த பிள்ளைகள் என்னிடம் கைகட்டி வேலை செய்கிறார்கள். எதைப் பார்த்தாலும் 'இது ஏன் இப்படி?' என்று கேட்பேன். பதில் கிடைக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. நான் முன்னேறியதற்கு வேறு ரகசியம் கிடையாது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் வாங்கிய மிகப் பெரிய பதில் அந்தத் தண்டவாளத் துண்டினால் வந்ததுதான். அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை. ரப்பர் தகடுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைக்கூண்டில்தான் எனக்கு வேலை; அது அணைந்து கிடந்தது. மரவள்ளிக் கிழங்கு நட்டுத் தின்றோம். துணி இல்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டினோம். அந்தக் காலத்தில்தான் இந்தியாவுக்கு விடுதலை வாங்க என்று தோட்டத்துக்குத் தோட்டம் சங்கம் வந்தது. சங்கத்துக்காரர்கள் லிங்கி, கோலா சாவா வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து இளைஞர்களைச் சேர்த்து, கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்துப் பட்டாளப் பயிற்சி தரப்போவதாகச் சொன்னார்கள். முகாமில் யாருக்காவது அடிபட்டால், காய்ச்சல் கண்டால், எதுவும் ஆபத்து வந்தால் பார்த்துக்கொள்ள அவசரத் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். எங்கள் தோட்டத்து ஆசுபத்திரியில் மருந்து கட்டும் டிரசர்தான் அதற்குப் பொறுப்பு. அவர் முதலில் தேடி வந்தது என்னைத்தான்.

காரணம் இருக்கிறது. சாக்கை விரித்து, அதன்மேல் ரப்பர் பாலைப் பூசி, புகைக்கூண்டில் காயவைத்தால் சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று கண்டுபிடித்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. பால் சிந்திய சாக்கு ஒன்று மழையில் நனையாமல் கிடந்ததைப் பார்த்தேன், ஏன் என்று கேட்டேன், விடை கிடைத்தது. முகாமின் கூடாரங்கள் எல்லாம் என் சாக்குகள்தான். இரண்டு மூங்கிலுக்கு நடுவே அதே சாக்கைக் கட்டி, நோயாளியைத் தூக்குகிற தூக்குப் படுக்கையும் செய்தேன்.

"இதுல ஒரு ஓட்ட போடுடா," என்றார் டிரசர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு.

"எதுக்குங்கய்யா?"

"மழ பேஞ்சா இது தொட்டியாயிரும்லா. நோயாளி அடிபட்டுச் சாகமாட்டான், முங்கிச் செத்துருவான்."

நான் ஓட்டை போடவில்லை. என் சாக்கில் ஓட்டையா?

அந்தத் தண்டவாளத் துண்டும் என் யோசனைதான். ஸ்டோருக்குப் பின்னால் தள்ளுவண்டிப் பாதையிலிருந்து பெயர்ந்து கிடந்தது. கடற்கரையில் ஒரு மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, ஆபத்து என்றால் அடிக்கலாம், ஒரு மைலுக்குக் கேட்கும் என்றேன். டிரசர் ஒத்துக்கொண்டார்.

புறப்படுகிற காலையில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்கு கதவு தள்ளிக் குடியிருந்த அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொந்த அத்தை இல்லை. அவருடைய மகள்மேல் எனக்கு ஒரு கண் இருந்ததால் அத்தை. கணவர் மலேரியாவில் போய்விட்டார். மூத்த மகனைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் தண்டவாளம் அடித்தால் எல்லாரும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். கங்காணிவாரியாக வரிசை, கணக்கெழுதும் கிராணி வந்து ஆள் எண்ணி வேலை பிரிப்பார். அதுதான் பெரட்டு. ஒருநாள் வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் தண்டவாளம் அடித்தது. வழக்கம்போல எல்லாரும் ஓடிவந்து நின்றார்கள். ஸ்டோருக்குப் பின்னாலிருந்து லாரிகள் வந்தன. வரிசையிலிருந்து பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அன்று லிங்கிப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்ததால் தப்பினேன். அத்தையின் மூத்த மகன் வரிசையில் நின்றான்.

இளையவன் என் வயதுக்காரன், அன்று லாரி நிறைந்துவிட்டதால் மிஞ்சியவன். நான் அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன், அவனும் மறுக்கவில்லை. முகாமில் சேர்ந்தவர்களைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னதை நம்பித்தான் அத்தை அவனை அனுப்பச் சம்மதித்தார்.

"எம் புள்ளைய நீ கூட்டிட்டுப் போற," என்றார் என்னிடம். "நீயே கூட்டிட்டு வா. பொண்ணப் பத்தி அப்பறமா பேசு."

"கொண்டாந்து சேக்கறேன் அத்த. நான் இருக்கறப்ப என்ன பயம்?"

அப்போதுதான் என் தோளில் இருந்ததைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அந்தச் சனியன எதுக்குத் தூக்கிட்டுப் போற?"

"அவசரத்துக்கு அத்த. அடிச்சா எல்லாரும் ஓடி வந்துருவாங்க."

"வருவாங்க," என்றார். "அதான்டா எனக்குப் பயமே."

அத்தை எதையும் பயத்தோடு பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

முகாமின் தலைவர் முன்பு ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் வரிசை கோணினால் அவருக்கு வயிறு வலிக்கும். முதல் நாள் மாலை எல்லாரையும் உட்காரவைத்து டிரசர் விளக்கினார்: தண்டவாளச் சத்தம் கேட்டால் தொண்டர்கள் மட்டும் ஆபத்து நடந்த இடத்துக்கு ஓட வேண்டும். மற்றவர்கள் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கூட்டம் கூடக் கூடாது. கடலில் குளிக்கிறவர்களுக்காகக் கரையில் கயிறு பிடிக்கிறவன் கயிற்றை விடக் கூடாது. புரிந்ததா என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் ஆட்களுக்கு ஈடு கிடையாது.

சில நாட்கள் சின்னச் சின்னக் கேசுகள்தான். கிளிஞ்சல் கிழித்த பாதங்கள். வெயிலில் மரத் துப்பாக்கியோடு நின்று மயங்கியவர்கள். கடல் தண்ணீர் உண்மையிலேயே உப்புத்தானா என்று பார்க்க ஒரு குவளை முழுவதும் குடித்துவிட்டு வாந்தியெடுத்த ஒருவன். அவனை நான் கேலி செய்யவில்லை. நானும் குடித்துப் பார்த்திருந்தேன், அரைக் குவளை.

எனக்கு அங்கே பார்த்துத் தீரவில்லை. அலை திரும்பிப் போகும்போது மணலில் குமிழி விடுகிறதே, உள்ளே யார் மூச்சு விடுகிறார்கள்? தோண்டினால் நண்டு. தண்ணீர் காலையில் ஓரிடத்தில் நிற்கிறது, பிற்பகலில் வேறிடத்தில் நிற்கிறது, யார் இழுக்கிறார்கள்? கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் கேட்டேன். நிலா என்றார். பகலில் ஏது நிலா என்றேன். அவர் சிரித்துவிட்டு வலையைத் தைத்தார்.

கடற்கரை முடிகிற பக்கத்தில் ஒரு சிற்றாறு கடலில் சேர்ந்தது. அதன் வாயில் பாக்காவ் காடு. அந்த மரங்கள் வேரையே காலாக ஊன்றிச் சேற்றின்மேல் நிற்கும். கீழே கறுப்புச் சேறு. மச்சானுக்குக் குளிக்கப் பயம். மற்றவர்கள் கடலில் இறங்கும் நேரத்தில் அவன் அந்தப் பக்கம் போய்ச் சிப்பி பொறுக்குவான். அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் என்று சாக்குத் துணியில் முடிந்து வைப்பான்.

"தங்கச்சிக்கு நான் வாங்கித் தரமாட்டேனா மச்சான்?" என்று சீண்டினேன்.

"மொதல்ல நீ ஒரு வேட்டி வாங்கு. சாக்கக் கட்டிக்கிட்டு மாப்பிள்ளன்னு வந்து நிப்பியா?"

குளியலுக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். நீளமான கயிற்றைக் கடலுக்குள் வளைத்துப் போட்டு, இரண்டு முனைகளையும் கரையில் ஆட்கள் பிடித்திருப்பார்கள். குளிக்கிறவர்கள் கயிற்றுக்கு உள்ளே. நீந்தத் தெரிந்தவர்கள் எங்களில் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை.

அன்று பிற்பகல் எல்லாரும் தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தண்டவாளத்தின் கீழே காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஒருவன் அலறினான். "அய்யோ, சுட்டுருச்சு! தண்ணி சுட்டுருச்சு!"

தண்ணீர் எப்படிச் சுடும்? அந்தக் கேள்வியோடு எழுந்து, இரும்புக் கம்பியை எடுத்து அடித்தேன். நல்ல அடி. அந்தச் சத்தத்தை இன்று நினைத்தாலும் காது கூசுகிறது.

அடுத்து நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். கடல் காலியாகிவிட்டது. கயிறு பிடித்தவர்கள் கயிற்றை விட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கரையேறினார்கள். சமையல்காரர் அகப்பையோடு ஓடிவந்தார். கையில் வெள்ளைத் துணி கட்டிய என் தொண்டர்கள்கூட ஓடினார்கள். எல்லாரும் ஓடியது ஆபத்து நடந்த இடத்துக்கு இல்லை. தினமும் அணிவகுக்கும் திடலுக்கு. ஓடிப்போய், தோட்டம் தோட்டமாக, கங்காணி கங்காணியாக, தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். அடித்தவன் நான், காவல் இருப்பவன் நான், ஆனால் என் கால்களும் அந்தப் பக்கம் இரண்டடி போய்விட்டன. பிறகுதான் நிறுத்தினேன்.

டிரசர் மட்டும் தண்ணீர் ஓரத்தில் மருந்துப் பையோடு தனியாக நின்றார். முன்னால் வெறும் கடல்.

"யாருக்குய்யா சக்கிட், யாருக்கு நோவு?" என்று கத்தினார். "எவன்டா கத்துனவன்?"

வரிசையிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. கடல் சுட்டதாகச் சொன்னவன்தான். கை முழுக்கச் சிவந்த வரிகள் தடித்திருக்க, கண்ணில் நீர் வழிய, அவனும் தன் இடத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா, அடிபட்டவன் நீயும் பெரட்டுக்கா வந்த?"

"மணி அடிச்சுதுங்களே ஐயா."

சொறிமீன் தீண்டியிருந்தது. டிரசரிடம் மருந்தென்று இருந்ததெல்லாம் புளித்துப்போன கள்ளுத்தான். அதைக் கையில் ஊற்றினார். அவனுக்கு எரிச்சல் அடங்கியதோ என்னவோ, மூக்கு விடைத்தது.

"மிச்சம் இருக்குங்களா ஐயா? உள்ளயும் கொஞ்சம் சுடுது."

வரிசை குலுங்கிச் சிரித்தது, ஆனால் கலையவில்லை. முகாம் தலைவருக்கோ தலை கால் புரியவில்லை. "பாத்தீங்களா கட்டுப்பாட்ட! ஒரு சத்தம், எல்லாரும் வரிசையில!" என்று டிரசரிடம் சொல்லிக்கொண்டே, கைகளைப் பின்னால் கட்டி, ஒவ்வொரு வரிசையாகப் பார்வையிட ஆரம்பித்தார்.

நான் அதை விட முடியாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லியிருந்தோம், தலையாட்டினார்கள், பிறகு ஏன் நின்றார்கள்? காது ஒன்று கேட்டது, கால் வேறொன்று கேட்டது. வருசக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு ஓடிய கால். அப்படி நினைத்துக்கொண்டே எங்கள் தோட்டத்து வரிசையைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

பெரட்டு தெரியாதவர்களுக்கு இது புரியாது. பெரட்டில் அவனவன் இடம் அவனவனுக்கு. பக்கத்தில் நிற்கிறவன் வரவில்லை என்று நீ நகர்ந்து அவன் இடத்தில் நின்றால், கிராணியின் கண்ணுக்கு வராதவன் நீயாகிவிடுவாய். அன்றைய கூலி போய்விடும். அதனால் யாரும் நகரமாட்டார்கள். ஆள் இல்லாவிட்டாலும் இடம் நிற்கும். இத்தனை பேர் இடித்துக்கொண்டு ஓடிவந்தும், அந்த ஓர் ஆள் அகலத்தை யாரும் தொடாமல் நின்றிருந்தார்கள்.

அது மச்சானின் இடம்.

காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்றவனிடம் ஓடினேன்.

"இவன் எங்கடா?"

"ஓடிட்டான் அண்ணே."

"எங்க?"

"சிப்பி பொறுக்கிக்கிட்டிருந்தவன், மணி அடிச்சதும் பாக்காவ் காட்டுக்குள்ள ஓடுனான். நான் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. பெரட்டு மணிக்கு எதுத்தாப்புல ஒருத்தன் ஓடி இன்னிக்குத்தான் அண்ணே பாத்தேன்."

"ஏன்டா ஓடுனான்?"

அவன் தயங்கினான். "அவன் அம்மா சொல்லி அனுப்பிச்சிருக்கு அண்ணே. வேள கெட்ட வேளையில அந்தச் சத்தம் கேட்டா நிக்காதே, ஓடிப்போயி ஒளிஞ்சுக்கன்னு. வந்த அன்னிக்கே என்கிட்டச் சொல்லி அழுதான்."

அத்தையின் பயத்துக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. டிரசரும் நானும் தூக்குப் படுக்கையை எடுத்துக்கொண்டு ஆற்றுவாய்க்கு ஓடினோம். வலை தைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். ஒருவன் காட்டுக்குள் ஓடியதைப் பார்த்தாராம். தண்ணீர் ஏறும் நேரம், அந்தச் சேறு பிடித்தால் விடாது, பொழுது சாய்வதற்குள் வேரெல்லாம் மூழ்கிவிடும் என்றார். லிங்கி ஆற்று முதலை இங்கேயும் வருமா என்று கேட்டேன். அதற்கு அழைப்பு அனுப்ப வேண்டுமா என்றார்.

"மச்சான்!" என்று கத்தினேன். "நான்தான்டா! வெளிய வா!"

வேர்களுக்கு நடுவே தண்ணீர் கலங்கும் சத்தம். எங்களை விட்டு உள்ளே போகிற சத்தம்.

"டேய், தண்ணி ஏறுதுடா! வா!"

"நீயுமாடா?"

குரல் நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது, ஆனால் ஆளைக் காணோம். "கங்காணியும் அண்ணன இப்படித்தான் வா வான்னு கூப்பிட்டாரு. லாரி எங்க நிக்குது, சொல்லு."

"லாரி இல்லடா!"

"அன்னிக்கும் இல்லன்னுதான் சொன்னாங்க."

எத்தனையோ வியாபாரிகளிடம் பேசிப் பொருள் வாங்கியவன் நான். பிற்காலத்தில் சீன முதலாளி, தவுக்கே என்போமே, அவரிடம் பேசி லாரியே வாங்கியவன். அன்று அந்தக் காட்டின் முன்னால் என் பேச்சு விலைபோகவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட அவன் உள்ளே போனான். அத்தையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் தங்கச்சியின் முகமும் வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

டிரசர் என் தோளைப் பிடித்தார். "நீ கூப்பிடாத. ஒன்ன நம்பமாட்டான். என்னையும் நம்பமாட்டான். யாரு சொன்னா நம்புவான்?"

"யாரு சொன்னாலும் நம்பமாட்டான் ஐயா," என்றேன். சொல்லும்போதே விடை வந்துவிட்டது. "சொன்னாத்தானே நம்பமாட்டான்? எல்லாரும் இங்கயே இருக்காங்க, ஒருத்தனையும் ஏத்தலன்னு கண்ணால பாத்தா?"

திடலுக்குத் திரும்பி ஓடினேன். தலைவர் இன்னும் இரண்டாவது வரிசையில்தான் இருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "கலைச்சு அனுப்பட்டுமா?"

"கலைக்காதீங்க ஐயா! நிக்கறபடியே நடத்திக்கிட்டு வாங்க. கயித்தையும் எடுத்துக்கங்க."

அந்த மனிதரை அதற்காக நான் என்றும் மதிப்பேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அப்படியே நடத்திக்கொண்டு வந்தார். இடுப்பில் ஈரச் சாக்கும் கையில் கயிறுமாக, தோட்டம் தோட்டமாக ஆற்றுவாய்க் கரையில் வந்து நின்றார்கள். எங்கள் வரிசையின் நடுவில் அந்த இடம் அப்படியே காலியாக நடந்து வந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலி இடம் நடந்து வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"பேசுங்கடா!" என்றேன். "சும்மா நிக்காதீங்க, எதையாச்சும் பேசுங்க!"

முதலில் சமையல்காரர்தான் அகப்பையை ஆட்டினார். "டேய் சிப்பி பொறுக்கி! அடுப்புல கெழங்கு கருகுதுடா. வர்றியா, இல்ல ஒன் பங்கையும் நாங்களே தின்னுறவா?"

"அண்ணே, என் கையப் பாருங்க!" என்றான் சொறிமீன் பட்டவன். "இதுக்குத்தான் மணி அடிச்சாங்க. டிரசர் ஐயா கள்ளு ஊத்துனாரு. வெளியிலதான் ஊத்துனாரு, பாவி மனுசன்!"

சிரிப்பு எழுந்தது. பிடித்து ஏற்றப்பட்ட கூட்டம் அப்படிச் சிரிக்காது. வேர்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. ஒரு தலை. மார்பு வரை தண்ணீர்.

"எல்லாரும் இருக்காங்களா?" என்று குரல் வந்தது.

"நீ ஒருத்தன்தான்டா இல்ல," என்றேன். "ஒன் எடம் காலியா இருக்கு, பாரு."

தலை வேர்களுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"என் எடத்துல யாரும் நிக்கலியா?"

"எவன் நிப்பான்?" என்றான் பக்கத்து இடத்துக்காரன், கொஞ்சம் கோபமாகவே. "ஒன் எடத்துல நின்னா எனக்கு யாரு கூலி போடுவா?"

"கால எடுக்க முடியலடா," என்றான் மச்சான். அப்போதுதான் அவன் அழுகிறான் என்று தெரிந்தது. "உள்ள இழுக்குது."

தூக்குப் படுக்கையைச் சேற்றின்மேல் போட்டேன். கால் வைத்தால் விழுங்குகிற சேறு, ரப்பர் பூசிய என் சாக்கைத் தொடவில்லை. அது வழுக்கிக்கொண்டு போனது. ஏன்? சோதித்துப் பார்க்க அன்று நேரமில்லை. பிறகு பல நாள் பார்த்தேன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, படுக்கையின்மேல் குப்புறப் படுத்து, வேர்களைப் பிடித்து இழுத்து இழுத்துப் போனேன். ஓட்டை போடாதது நல்லதாகப் போயிற்று. இதை டிரசரிடம் அன்றே சொன்னேன். அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சானின் அக்குளில் கயிற்றைக் கட்டினேன். "இழுங்கடா!" என்று கத்தினேன். பால் வாளி தூக்கிப் பழகிய கைகள் அத்தனையும் ஒன்றாக இழுத்தன. சேறு ஒரு பெரிய சத்தத்தோடு அவனை விட்டது. ஆனால் அவன் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை மட்டும் விடவில்லை. கரைக்கு வந்தபோது அவன் உடம்பில் சேற்றைத் தவிர ஒன்றும் இல்லை. கையில் மட்டும் சிப்பி முடிச்சு.

"மாப்பிள்ள வேட்டியப் பத்திப் பேசுனவன் நெலமையப் பாருங்கடா," என்றேன்.

அவன் கரையைச் சுற்றிப் பார்த்தான், சாலைப் பக்கம் பார்த்தான். லாரி இல்லை. பிறகு, அப்படியே அம்மணமாக, போய் வரிசையில் தன் இடத்தில் நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

முகாம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது அத்தை வாசலிலேயே இருந்தார். மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். அவன் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டான். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"யார்ரா அடிச்சது?"

"நான்தான் அத்த," என்றேன். "நான் அடிச்சதாலதான் அவன் ஓடுனான். நான் அடிச்சதாலதான் அவன் இல்லன்னு தெரிஞ்சுது. நான்தான் இழுத்தேன்."

அத்தை என் தோளைப் பார்த்தார். தண்டவாளம் இல்லை. அதை அந்த மலாய்க்காரப் பெரியவர் தன் படகுக்கு நங்கூரம் வேண்டும் என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். கடலுக்கு அடியில் எங்கோ கிடக்கும். கடலும் அதை வேலை வாங்கட்டும்.

"அது எங்க?" என்றார்.

"தண்ணிக்குள்ள போட்டாச்சு அத்த."

அவர் மகனின் தலையை இன்னொரு முறை தடவினார். பிறகு உள்ளே பார்த்து, "இவனுக்கும் ஒரு தட்டு வை," என்றார் மகளிடம். அன்று அந்த வீட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், புறப்படும் காலையில் மச்சான் பொறுக்கிய சிப்பியில் குழம்பும். இத்தனை வருசத்தில் எத்தனையோ விருந்தில் உட்கார்ந்துவிட்டேன். என் கையாலேயே விருந்து போட்டிருக்கிறேன். அந்தத் தட்டுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

என் லாரிக் கொட்டகையில் இன்றுவரை மணி கிடையாது. டிரைவர்களை எழுப்ப நானே போய்க் கதவைத் தட்டுவேன். படித்த பிள்ளைகள் ஏன் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல பழக்கம்.

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போன பிறகு எனக்கும் அத்தை மகளுக்கும் கல்யாணம் நடந்தது. சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். அத்தையின் மூத்த மகன் வரவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குத் தோட்டத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் ஏற்பாடு செய்யவில்லை. வரிசையின் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

பரிமாற வந்தவர் போர்ட்டிக்சன் பாசாரிலிருந்து வந்த சமையல்காரர்; எங்கள் வழக்கம் தெரியாதவர். அந்த இடத்துக்கு முன்னால் வந்து நின்று, "இங்க யாரு? நகந்து உக்காருங்க," என்றார்.

யாரும் நகரவில்லை. மச்சான் எழுந்துபோய் ஓர் இலையைக் கொண்டுவந்து அங்கே விரித்தான்.

"ஆள் உண்டு," என்றான். "வைங்க."